எங்களுக்கு வந்தது வியாதி இல்லை

உளவியல் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிற நாங்கள் எல்லாரும் இப்ப ஒரே வியாதியைத்தான் சொல்லித் திரியிறம்: 'எனக்கு இம்போஸ்டர் சிண்ட்ரோம்.' ஆர்ட்ஸ் படிச்சனாங்கள், இங்கிலிஸ் தடுமாறும், நேர்முகத்தில என்ன கேப்பினமோ எண்டு பயம். உடனே பேர் வைச்சாச்சு.

கொஞ்சம் பொறுங்கோ. 1978இல் பவுலின் கிளான்ஸும் சுசான் ஐம்ஸும் இதற்கு வைத்த பெயர் 'சிண்ட்ரோம்' இல்லை, 'தோற்றப்பாடு'. அவர்கள் எழுதியது, பட்டமோ பதவியோ படிப்பில் நல்ல பேரோ ஏற்கனவே பெற்றிருந்த பெண்களைப் பற்றி. வென்ற பிறகும் தங்களை நம்பாதவர்கள் அவர்கள். நாங்கள் இன்னும் கேற்றுக்கு வெளியில நிக்கிறம். டீ.எஸ்.எம் கையேட்டிலும் அப்படியொரு நோய் கிடையாது. உளவியல் படிக்கிற நாங்களே பிழையாச் சொன்னா எப்பிடி?

எங்கட பயத்தில பாதி நியாயமானது. இடங்கள் கொஞ்சம், விண்ணப்பம் ஆங்கிலத்தில, வழிகாட்ட ஆளில்லை. இதையெல்லாம் எங்கட மனதின் கோளாறு என்று எழுதிவிட்டால், வாசலை ஒடுக்கமாய் வைத்திருப்பவர்கள் தப்பிவிடுவார்கள்.

மற்றப் பாதி எங்கட பிழை. நாவூறு படும் எண்டு, விண்ணப்பிக்கிறதைக் கூட்டாளிக்கும் சொல்லுறேல்லை. இடம் கிடைச்ச சீனியர்மார் தங்கட நோக்கக் கடிதத்தைக் காட்டுறேல்லை. கிடைக்காதவை வாயே திறக்கிறேல்லை. அதால நாங்கள் ஒவ்வொருத்தரும் தனக்கு மட்டும்தான் தகுதியில்லை எண்டு நினைச்சு, முடிவுத் திகதியைத் தாண்ட விடுறம்.

தமிழில் அழுகிற சனத்துக்குத் தமிழில் கேட்கிற உளவியலாளர் வேணும். அதுக்காகவாவது எங்கட கடிதங்களை மேசையில வைப்பம், நிராகரிப்புகளையும் சேர்த்து. பயம் போகாது. பயத்தோடையே அனுப்புவம்.