கப்பலில் வரும் மாவும் கைக்கு வரும் சம்பளமும்



சம்பளத்தன்று கடைக்குப் போனால் நாம் முதலில் கேட்பது கோதுமை மாவின் விலையைத்தான். காலையில் மலைக்குக் கொண்டுபோகும் ரொட்டி அதிலிருந்துதான் வருகிறது. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. கப்பலில் வந்து இறங்கும் கோதுமை, திருகோணமலைத் துறைமுகத்தில் 1980 முதல் இயங்கும் பிரிமா போன்ற ஆலைகளில் மாவாகி, லொறி ஏறி மலைநாட்டுக்கு வருகிறது. வாங்குவது டொலரில். ஆகவே டொலர் ஏறினால் நமது ரொட்டியின் விலையும் ஏறும்.

2022இல் அதுதான் நடந்தது. உக்ரேன் போரால் உலகச் சந்தையில் கோதுமை விலை ஏறியது. அதே காலத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் 360 ரூபாவைத் தாண்டியது. ஆகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. லயத்தில் அடுப்பு எரிக்க நாம் பட்ட பாட்டை, படகு ஓட்ட மண்ணெண்ணெய் தேவைப்பட்ட திருகோணமலை மீனவர்களும் பட்டார்கள். படகு கரையில் கிடந்தால் நமது கடைக்கு வரும் கருவாடும் விலை ஏறும்.

இப்போது சம்பளத்தைப் பாருங்கள். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாவானது. அடுத்து 1350 ஆனது 2024 செப்டம்பரில். இடையில் மூன்றரை வருடம். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதாவது, ஒரு வருடத்துக்கு முன் 1000 ரூபாவுக்கு வாங்கிய சாமானுக்கு 1949 ரூபா வேண்டும். நமது கையில் இருந்ததோ அதே 1000 ரூபா. அதுவும் கிலோ குறைந்து அரைப்பேர் விழுந்தால் 500.

பிறகு பணவீக்கம் குறைந்துவிட்டது என்றார்கள். பணவீக்கம் குறைந்தால் விலை ஏறும் வேகம்தான் குறையும். ஏறிய விலை பழைய இடத்துக்குத் திரும்பாது. அந்த மூன்றரை வருடத்தில் கடைக் கொப்பியில் ஏறிய கடனையும் யாரும் தள்ளுபடி செய்யவில்லை.

கம்பனிகள் நட்டக் கணக்குச் சொல்கின்றன. ஆனால் நாம் பறிக்கும் தேயிலை டொலருக்கு ஏற்றுமதியாகிறது. ரூபா விழுந்தபோது ஏலத்தில் தேயிலையின் ரூபா விலை ஏறியது. மாவுக்கு டொலர் கணக்கு, தேயிலைக்கும் டொலர் கணக்கு. நமது உழைப்புக்கு மட்டும் ஏன் பழைய ரூபா கணக்கு?

2026 வரவு செலவுத் திட்டத்தில் நாட்சம்பளத்தை 1550 ஆக்கவும், அரசாங்கம் 200 ரூபா வரவு ஊக்குவிப்பு வழங்கவும் முன்மொழியப்பட்டது. வரவேற்கிறோம். ஆனால் விலை மாதாமாதம் மாறுகிறது. சம்பளமோ போராட்டமும் பேச்சுவார்த்தையும் முடிந்து பல வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறது. அரச ஊழியர்களுக்கு வாழ்க்கைச் செலவுப்படி என்று ஒன்று உண்டு. 2024இல் அது 7,800 ரூபாவிலிருந்து 17,800 ரூபாவானது. நமது நாட்சம்பளத்தில் அப்படி ஒரு படி கிடையாது. விலைச் சுட்டெண் ஏறினால் தானாகவே ஏறும் வாழ்க்கைச் செலவுப்படி நமக்கும் வேண்டும். அடுத்த பேச்சுவார்த்தையில் இதுவே முதல் கோரிக்கையாக இருக்கவேண்டும்.

அதற்கு ஆதாரம் நம்மிடம் இருக்கவேண்டும். ஒவ்வொரு டிவிஷனிலும் மாதர் தலைவிமார் ஒரு கொப்பி தொடங்குங்கள். மாதம் ஒரு தரம், ஒரே கடையில், மா, அரிசி, பருப்பு, தேங்காய், கருவாடு, மண்ணெண்ணெய் ஆகிய ஆறின் விலையையும் திகதியோடு எழுதுங்கள். பற்றுச்சீட்டு கிடைத்தால் ஒட்டிவையுங்கள். சம்பளச் சீட்டையும் வீசிவிடாதீர்கள். கொழும்பில் கணக்குக் காட்டுகிறவர்கள் முன்னால் நமது கணக்கையும் வைக்கவேண்டும். அதைச் சந்தைக்குப் போய் வருகிற நீங்கள்தான் எழுதமுடியும்.