குடிப்பவர் யார்? அடிமை யார்?

ஊரில் குடிகாரர் யார் என்று வினவினால் எல்லாரும் ஒரே திசையில் விரலை நீட்டுவர். அவ்விரல் பல வேளைகளில் தவறான ஆளையே சுட்டுகின்றது என்பது என் கருத்து. சப்ரகமுவ மாகாணத்து இறப்பர்த் தோட்டமொன்றில் ஆசிரியனாய் இருந்த காலத்தில் நானும் அவ்வாறு விரல் நீட்டியவனே. அந்தப் பிழையை ஒப்புக்கொள்ளவே இதனை எழுதத் தொடங்கினேன்.

கேகாலை மாவட்டத்து எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பகுதிகளையும், இரத்தினபுரி மாவட்டத்துக் காவத்தை, இறக்குவானைப் பகுதிகளையும் அறிந்தவர்க்கு அவ்வாழ்க்கையை விரித்துரைக்க வேண்டா. விடியுமுன் எழுதல், பிரட்டுக்களம், மலைச்சரிவு, அட்டைக்கடி, அடிக்கடி கொட்டும் பெருமழை, மாலையில் லயத்து ஒற்றை அறை. அருகிலேயே தவறணையும் உண்டு. தவறணை மூடினால் கசிப்பு விற்பவனும் உண்டு.

நான் இருந்த தோட்டத்தில் ஒரே லயத்தில் இருவர் வாழ்ந்தனர். பெயர்கள் வேண்டா. ஒருவர் சம்பள நாளன்று தவறணைக்குப் போய், திரும்பும் வழியெல்லாம் பாடிக்கொண்டு வருவார். மாரியம்மன் திருவிழாவில் தப்பொலி கேட்டால் ஆடுவார். ஆட்டத்தின் முடிவில் வடிகானில் கிடப்பதும் உண்டு. மற்றவர் உரத்துப் பேசியறியார். பிரட்டுக்கு ஒரு நாளும் தவறார். என்னைக் கண்டால் தலைத்துண்டை எடுத்து ஒதுங்கி நிற்பார். பெற்றோர் கூட்டமொன்றில் நான் முன்னவரைப் பெயர் சொல்லாமல் இடித்துரைத்தேன். பின்னவரை எல்லார்க்கும் எடுத்துக்காட்டாய் நிறுத்தினேன்.

அந்தப் பின்னவரின் மகள் என்னிடம் ஐந்தாம் வகுப்பிற் படித்தாள். கெட்டிக்காரி. ஆயினும் மழை அடுத்தடுத்துப் பெய்யும் நாட்களில் பாடசாலைக்கு வருவதில்லை. குடை இல்லையோ என்று எண்ணித் தாயை அழைத்துக் கேட்டேன். அவள் வெகுநேரம் தரையையே பார்த்து நின்றாள்.

“மழ பேஞ்சா பால் வெட்டு இல்லீங்க மாஸ்டர். வேல இல்லாட்டிச் சம்பளம் ஏது? ஆனா அவருக்குக் காலையில ஊத்தியே ஆகணும். இல்லாட்டிக் கை ஆடுது, கத்தி புடிக்க முடியல. கடனுக்கு வாங்கிட்டு வரப் புள்ளையத்தான் அனுப்புறோம்” என்றாள்.

பால் வெட்டுவது நுண்ணிய தொழில். பட்டையை மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். கத்தி சற்றே ஆழப் பாய்ந்தால் மரம் காயப்படும். அக்காயம் ஆறிய இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாய்த் தடித்துவிடும். காலையில் நடுங்கும் கையை அடக்கவே அவர் குடித்தார். குடிக்காத நாளின் நடுக்கத்தை அவர் வெட்டிய மரங்கள் தம் உடம்பிற் காட்டிக்கொண்டு நின்றன. நான் அவற்றினூடே நாள்தோறும் நடந்து போனேன், ஒன்றும் கண்டிலேன்.

இன்னுமொரு குறிப்பையும் கண்டிலேன். பாடி ஆடித் திரிந்தவர் ஆண்டுதோறும் தீமிதிக்குக் காப்புக் கட்டுவார். கட்டிய நாள் முதல் துளியும் தொடார். அதனால் அவர்க்கு நடுக்கமுமில்லை, உறக்கக் கேடுமில்லை. அமைதியானவரோ ஒரு தரமும் காப்புக் கட்டியதில்லை. அதனை அடக்கம் என்று நான் எண்ணினேன். அது இயலாமை. கண் மஞ்சளித்து, வயிற்றில் நீர் கோத்து, அவர் நாற்பது வயதைத் தாண்டிச் சில ஆண்டுகளில் இறந்தார். மற்றவர் பேரப்பிள்ளைகளைக் கண்டார்.

இவ்விருவரையும் வேறுபடுத்தும் அறிவு உலகுக்குப் புதியதன்று. ஜெல்லினெக் என்னும் ஆராய்ச்சியாளர் 1960 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே குடிநோயைப் பலவகையாகப் பிரித்துக் காட்டினார். அவற்றுள் ஒருவகையினர் தொடங்கினால் நிறுத்த மாட்டாதவர். இன்னொரு வகையினர் ஒரு வேளைக்கு இவ்வளவென்று அளவாய்க் குடிக்க வல்லவர், வெறியாட்டம் காட்டாதவர், ஆனால் ஒரு நாளேனும் குடியாமலிருக்க இயலாதவர். நம் அமைதியானவர் இந்த இரண்டாம் வகையினர் என்பதை நான் காலங்கடந்தே படித்தறிந்தேன்.

1984 இல் யூவிங் என்னும் அமெரிக்க வைத்தியர் நான்கே வினாக்களைப் பரவச் செய்தார். குடியைக் குறைக்க வேண்டுமென்று உமக்கு எப்போதாவது தோன்றியதுண்டா? பிறர் உமது குடியைக் குறைகூறச் சினந்ததுண்டா? குடிப்பதை எண்ணிக் குற்றவுணர்வு கொண்டதுண்டா? விழித்தவுடன் உடலைத் தேற்றக் குடித்ததுண்டா? இரண்டுக்கேனும் ‘ஆம்’ என்று விடை வருமாயின் வைத்தியர் அதனை ஊன்றி ஆராய்தல் வேண்டும் என்பது வழக்கு. எத்தனை போத்தல் என்ற கேள்வியே இவற்றில் இல்லை என்பதைக் கவனித்தல் வேண்டும்.

நம் வழக்கோ வேறு. ‘மொடாக்குடியன்’ என்கிறோம். மொடா என்பது பெரிய பானை; ஆகவே நாம் ஆளைப் பானையால் அளக்கிறோம். ‘குடிக்கு அடிமை’ என்ற தொடரும் நம்மிடமுண்டு. அதுவே செவ்விய தொடர். அது ‘எவ்வளவு?’ என்று கேட்பதில்லை; ‘எசமான் யார்?’ என்று கேட்கிறது.

இலக்கியம் பயில்வோர் இங்குப் புறநானூற்றை நினைவு கூர்வர். அதியமான் நெடுமான் அஞ்சி மாய்ந்தபோது ஔவையார் பாடிய பாடலில் கள்ளும் வருகின்றது. சிறிதளவே கிடைத்தால் அவன் அதனைப் புலவர்க்கே ஈந்துவிடுவான் என்று அவர் நினைந்து இரங்குகிறார். குறைந்தபோது பிறர்க்குக் கொடுக்க வல்லவன் அதற்கு எசமான். குறைந்தபோது பிள்ளையின் சோற்றிலிருந்து எடுத்தேனும் குடித்தாக வேண்டியவன் அதற்கு அடிமை. வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். இரண்டையும் சேர்த்துப் படிப்பதே முறை.

இவ்வேறுபாட்டைச் சொன்னவுடன், “அப்படியாயின் சம்பள நாளில் மட்டும் குடிப்பது குற்றமில்லையே” என்று சிலர் மகிழ்வர். அம்மகிழ்ச்சிக்கு இடமில்லை. தீங்கற்ற அளவு என்று எதனையும் சொல்ல இயலாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 இல் தெளிவாக அறிவித்தது. ஒரே இரவில் வாரக் கூலியைக் கரைப்பவர் அடிமையல்லராயினும், அவர் வீட்டு அடுப்பு எரியாது. கசிப்பில் மெதனோல் கலந்திருந்தால் முதல் முறை குடிப்பவர்க்கும் கண் போகும், உயிரும் போகும். நான் வேண்டுவது மன்னிப்புப் பட்டியலன்று, நோயறியும் கண். குற்றத்துக்குப் புத்திமதி போதும். நோய்க்கு மருந்து வேண்டும்.

மருந்து என்றேன், அதற்குக் காரணமுண்டு. தோட்டத்திலே ஒருவரைத் திருத்த நாமறிந்த வழி, கோயில் வாசலிற் சூடத்தில் அடித்துச் சத்தியம் வாங்குவதே. பாடித் திரிபவர்க்கு அது பயன்படலாம். ஆனால் நெடுங்காலம் நாள்தோறும் குடித்து உடம்பு பழகிப்போனவர் திடீரென நிறுத்தினால், ஓரிரு நாட்களில் வலிப்பும் புத்தித் தடுமாற்றமும் கண்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். அத்தகையவர் வைத்தியரின் கண்காணிப்பிலேயே நிறுத்த வேண்டும். சத்தியத்தை மீறியவர் என்று நாம் இகழ்ந்தவருட் பலர், மீறாவிடின் மாண்டிருக்கக் கூடியவர் என்பதை எண்ணும்போது என் நெஞ்சு குறுகுகின்றது.

“தோட்டத்து மக்கள் பிறவிக் குடியர்” என்று நகரத்து மேடைகளிற் பேசுவோர்க்கும் ஒன்று சொல்வேன். எவரும் குடியராய்ப் பிறப்பதில்லை. மலையேறி இறங்கிய உடம்பின் வலியும், ஒதுங்க இடமில்லாத ஒற்றை அறையும், வேறு பொழுதுபோக்கற்ற மாலையும் வழி காட்டுகின்றன. கடனுக்குக் கொடுப்பவன் வாசலைத் திறந்து வைக்கிறான். இதே நோய் நகரத்துக் கந்தோர்களிலும், நிறம்வாய்ந்த போத்தல்களின் பின்னே, மடிப்புக் கலையாத சட்டையுடன் உட்கார்ந்திருக்கிறது. ஆசிரியர் அறைகளிலும் இல்லையென்று நான் சத்தியம் செய்யேன்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடிமைப்பட்டவரை முதலில் அறிபவள் மனைவி; அடுத்து அறிவது பிள்ளை. அப்பிள்ளை நம் முன்னே உட்கார்ந்திருக்கிறது. மழை நாளில் வராத பிள்ளையின் பெயரை இடாப்பிற் சிவப்பு மையால் குறிப்பதோடு நம் கடமை முடிவதில்லை. மழை நாளில், கூலியில்லாத வீட்டில், போத்தல் எப்படி வருகிறது என்று கேட்கக் கற்போம். பழி கூறாமல், இரகசியம் காத்து, தாயோடு பேசி, வைத்தியசாலை வரை கூடப் போவோம்.

நான் அவ்வாறு போகவில்லை. அன்று அந்தத் தாய் சொன்னதைக் கேட்டும், “அவரா?” என்று வியந்ததோடு நின்றுவிட்டேன். அச்சிறுமி அவ்வாண்டு முடியுமுன்னே பாடசாலையை விட்டு விலகினாள்.