உறங்கிய யந்திரம் காரணம் சொல்ல வேண்டும்

"மாமா, நான் டைப் பண்ணும்போதுதான் இது தூங்கிப் போகுது, படம் போட்டு வெச்சா தூங்கவே மாட்டேங்குது" என்று என் தங்கை மகள் முறையிட்டபோது, அவளைப் பீடித்திருந்த சங்கடத்தின் மூலகாரணம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்திலேயே அடங்கிக் கிடந்தது என்பதை நாங்கள் யாரும் உணரவில்லை. உணர்ந்திருந்தால், அவளுடைய மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்துக்கு அருகேயிருந்த ஒரு சர்வீஸ் கடைக்குப் போய், 'பார்மட்' செய்வதற்கென்று பணம் கொடுத்துவிட்டு, அதன் பிறகும் குணமில்லாமற் போகவே, "மதர்போர்டு போயிடுச்சு சார், மாத்தினாத்தான் சரியாகும்" என்ற தீர்ப்பைக் கேட்டுத் திரும்பியிருக்க மாட்டோம். தவணையில் வாங்கிய யந்திரம் அது. தவணை பாதி கூடத் தீரவில்லை.

கணினி தானாகக் கண்ணை மூடிக்கொள்வதும், திறந்தால் கடவுச்சொல் கேட்டு வாயிலில் நிறுத்துவதும் அற்பமான தொந்தரவு என்று எண்ணுகிறவர்கள், தேர்வாணையத்தின் விண்ணப்பத்தைக் கடைசித் தேதியின் இரவில் நிரப்பிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் பக்கத்தில் அமர்ந்து பார்க்க வேண்டும். இரண்டு பக்கம் நிரப்புவதற்குள் திரை இருண்டுவிடுகிறது. மீண்டும் உள்ளே நுழைந்தால் இணையதளம் அவளை மறந்துவிட்டிருக்கிறது. முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. யந்திரம் கெட்டுவிட்டது என்றால் மனம் ஒருவாறு சமாதானம் அடையும். கெடாத யந்திரம் காரணம் கூறாமல் வேலை நிறுத்தம் செய்வதுதான் மனிதனின் தைரியத்தைக் குலைக்கிறது.

இந்த நித்திரைக்கு ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1992-ஆம் ஆண்டில் எனர்ஜி ஸ்டார் என்னும் முத்திரையை ஏற்படுத்தியபோது, யாரும் தொடாமலே நாள் முழுதும் எரிந்துகொண்டிருந்த கணினிகள் சிறிது நேரத்தில் தாமாகவே அடங்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்; நல்ல நோக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிறகு 1996-இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்று ஸ்தாபனங்களும் சேர்ந்து ஏ.சி.பி.ஐ. என்ற பொது விதிமுறையை வெளியிட்டன. எப்போது உறங்குவது, எப்போது விழிப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அதன் மூலம் பெரும்பாலும் விண்டோஸ் முதலிய இயங்குதளத்தின் கைக்கு வந்து சேர்ந்தது. தீர்மானிக்கிற அதிகாரம் எவரிடம் இருக்கிறதோ அவரே காரணம் அறிந்தவர். காரணம் அறிந்தவர் அதைச் சொல்லக் கடமைப்பட்டவர். என் வாதம் முழுவதும் இதை ஆதாரமாகக் கொண்டதே.

கையசைவு இல்லாதபோது உறங்குவது இந்த ஏற்பாட்டின் தர்மம். எங்கள் வீட்டு யந்திரமோ கையசைவு உள்ளபோது உறங்கி, இல்லாதபோது விழித்திருந்தது. இந்த விபரீதத்தை அந்தப் பெண்தான் கண்டுபிடித்தாள்; கடைக்காரர் அதைக் கேட்டும் செவிசாய்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து விண்டோஸின் உள்ளே 'ஈவென்ட் வியூவர்' என்ற குறிப்பேட்டைத் திறந்தோம். யந்திரம் தனக்கு நேர்ந்ததையெல்லாம் நாழிகை தவறாமல் எழுதிவைக்கும் பேரேடு அது. அதில் 'கெர்னல் பவர்' என்ற தலைப்பின் கீழ் 42 என்ற எண்ணிட்ட பதிவுகள் ஒவ்வோர் உறக்கத்துக்கும் ஒன்றாக வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் காரணம் 'பட்டன் ஆர் லிட்', அதாவது பொத்தான் அல்லது மூடி, என்றே இருந்தது. பொத்தானை அவள் தொடவில்லை. மூடியோ முழுவதும் திறந்திருந்தது. ஆகவே, திறந்த மூடியை மூடியதாக யந்திரம் நம்பிக்கொண்டிருக்கிறது என்பது திண்ணமாயிற்று.

ஏன் அப்படி நம்பியது? எட்வின் ஹால் என்ற அமெரிக்க மாணவர் 1879-இல், மெல்லிய தங்கத் தகட்டில் மின்சாரத்தை ஓடவிட்டு அதன் குறுக்கே காந்தப் புலத்தைச் செலுத்தியபோது, தகட்டின் பக்கவாட்டில் சிறியதொரு மின்னழுத்தம் பிறப்பதைக் கண்டார். அந்தத் தத்துவத்தில் இயங்கும் கடுகளவு உணரி ஒன்று இக்காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் விசைப்பலகையின் ஓரத்தில் பதிக்கப்பட்டிருக்கிறது; மூடியின் விளிம்பில் அதற்கு நேரே ஒரு சிறு காந்தம் இருக்கும். மூடி இறங்கிக் காந்தம் நெருங்கினால், மூடிவிட்டார்கள் என்று உணரி அறிவிக்கிறது. வந்தது மூடியின் காந்தமா, வேறு காந்தமா என்று பகுத்தறியும் சக்தி அதற்கு இல்லை.

எங்கள் தாயார் ஒரு பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து வரும்போது, வழியோரக் கடையில், இரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று யாரோ சொல்லக் கேட்டு, காந்த மணிகள் கோத்த காப்பு இரண்டு வாங்கி, ஒன்றைப் பேத்தியின் இடக்கையில் பிரியத்துடன் பூட்டிவிட்டிருந்தார். தட்டச்சு செய்யும்போது அந்தக் கை விசைப்பலகையின் இடது ஓரத்தில் படியும். படம் பார்க்கும்போது மடியில் கிடக்கும். நியாய சாஸ்திரம் கற்ற நையாயிகர்கள் அந்வயம், வியதிரேகம் என்று இரண்டு சோதனைகளைச் சொல்வார்கள்: இது இருந்தால் அது உண்டு, இது இல்லையேல் அது இல்லை. காப்பைக் கழற்றினோம், ஒரு மணி நேரம் யந்திரம் உறங்கவில்லை. காப்பை அந்த ஓரத்தில் வைத்தோம். திரை உடனே அணைந்தது. மும்முறை செய்து பார்த்தோம். காந்த மூடி போட்ட கைப்பேசி உறையும் இதே காரியத்தைச் செய்யும் என்பதைப் பின்னர் செய்து கண்டோம்.

எல்லா உறக்கங்களுக்கும் காந்தமே காரணம் என்று நான் சொல்லவில்லை. அக்னி நட்சத்திரத்தில், இரவு பத்து மணிக்கும் மலைப்பாறை உஷ்ணத்தைக் கக்கிக்கொண்டிருக்கும் இவ்வூரில், மெத்தையின் மேல் வைத்த மடிக்கணினி காற்றோட்டமின்றிச் சூடேறி, செயலி ஏறக்குறைய 100 டிகிரியை எட்டும்போது தன்னைக் காத்துக்கொள்ள யந்திரத்தையே அணைத்துவிடுவது உண்டு. 2017 முதல் விண்டோஸில் 'டைனமிக் லாக்' என்ற ஏற்பாடு இருக்கிறது. அதை இயக்கி வைத்தவர் தம் கைப்பேசியுடன் அடுத்த அறைக்குப் போனால் சிறிது நேரத்தில் கணினி பூட்டிக்கொள்ளும். தானாக விழித்த யந்திரம் யாரும் தொடாவிட்டால் இரண்டே நிமிஷங்களில் திரும்ப உறங்கும் என்ற விதியோ சாதாரண அமைப்புப் பக்கங்களில் கண்ணுக்கே தென்படாது. மருந்து ஒவ்வொன்றுக்கும் வேறு. மதர்போர்டை மாற்றுவது இவற்றில் எதற்கும் மருந்தன்று.

தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி, எல்காட் நிறுவனத்தின் வழியாகப் பின்வந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு அவற்றை வழங்கியது. 2025-26 நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினியோ மடிக்கணினியோ அளிக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. இது மகத்தான உபகாரம். புத்தகம் வாங்கவே வழியில்லாத வீடுகளில் இந்த யந்திரம் செய்த காரியத்தை நான் பிரத்தியட்சமாகக் கண்டிருக்கிறேன். ஆதலால்தான் கேட்கிறேன்: லட்சக்கணக்கில் வாங்குகிறவருக்கு ஒப்பந்தப்புள்ளியில் நிபந்தனை விதிக்கும் வலிமை இருக்கும்போது, யந்திரம் உறங்கி விழித்ததும், 'மூடி மூடப்பட்டதாகத் தோன்றியதால் உறங்கினேன்', 'மின்கலம் தீர்ந்ததால் உறங்கினேன்' என்று ஒரே ஒரு வரியைத் தமிழில் திரையில் காட்ட வேண்டும் என்று ஏன் விதிக்கக் கூடாது? புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. காரணம் ஏற்கெனவே பேரேட்டில் எழுதப்பட்டிருக்கிறது. எட்டாத இடத்தில், ஆங்கிலத்தில், எண்களின் நடுவே புதைந்து கிடப்பதை எடுத்து முன்னால் வைப்பதுதான் வேலை.

மத்திய அரசு 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளத்தைத் திறந்தது. உதிரிப் பாகங்களும் செய்முறை விளக்கங்களும் பொருளை வாங்கியவருக்குக் கிடைக்க வேண்டும் என்ற அந்த நோக்கத்தை நான் வரவேற்கிறேன். ஆனால் பழுது எங்கே என்று அறியாதவனுக்குப் பழுதுபார்க்கும் உரிமையால் என்ன பிரயோஜனம்? அவன் கடைக்காரர் சொன்னதை நம்புவான், கேட்ட பணத்தைக் கொடுப்பான். கடைக்காரர்கள் எல்லோரும் வஞ்சகர்கள் என்பது என் அபிப்பிராயமன்று. அவர்களிலும் பலருக்கு அந்தப் பேரேட்டைத் திறக்க யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

காப்பின் செய்தி கல்லூரியில் பரவியதும், ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் தோழி ஒருத்தி, தமையன் உபயோகித்த பழைய மடிக்கணினியை எடுத்துக்கொண்டு என் மருமகளிடம் வந்தாள். அவளிடமும் மதர்போர்டு என்றுதான் சொல்லியிருந்தார்களாம். இருவரும் 42-ஆம் எண்ணைத் தேடிப் படித்தார்கள். காரணம் மின்கலம் என்றிருந்தது. சார்ஜரைப் பொருத்தி வைத்தே எழுதினால் யந்திரம் உறங்கவில்லை. மின்கலம் மாற்றப் பணம் சேரும் வரையில், சுவரில் மின்செருகி உள்ள மூலையாகப் பார்த்து அமர்ந்து அந்தப் பெண் தன் ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருக்கிறாள்.