பதக்கம் மட்டும் வேண்டும், கிளப் வேண்டாமா?

2025 செப்டம்பர் 22 அன்று நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றத்தில் கிரிக்கெட் மட்டை உள்ளிட்ட விளையாட்டுப் பொருள்களுக்கான வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. வரவேற்க வேண்டிய முடிவு. அதே நாளில் பிஸ்டல், ரிவால்வர் மீதான வரி 28 சதவீதத்திலிருந்து 40 ஆக உயர்ந்தது. சூதாட்ட விடுதிக்குள் நுழையவும் குதிரைப் பந்தயம் பார்க்கவும் என்ன வரியோ, அதுவே 25 மீட்டர் போட்டிக்காகப் பயிற்சி எடுக்கும் கல்லூரி மாணவியின் பிஸ்டலுக்கும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளி வென்றது இந்த வகை பிஸ்டலில். 2024இல் பாரிஸில் மனு பாகர் தன் மூன்றாவது பதக்கத்தை நூலிழையில் தவறவிட்டு நான்காம் இடம் பிடித்ததும் இதில்தான். அன்று அவர்களைத் தோளில் தூக்கிக் கொண்டாடிய அரசு, இன்று அந்தக் கருவியை ஆடம்பரப் பட்டியலில் வைத்திருக்கிறது.

‘ஏர் பிஸ்டலுக்கு இந்த 40 சதவீதம் இல்லையே’ என்பார்கள். இல்லைதான். ‘தேசியப் போட்டிகளில் தகுதிப் புள்ளியை எட்டியவர்களுக்கு இறக்குமதிச் சலுகை உண்டே’ என்பார்கள். உண்டுதான். ஆனால், அந்தச் சலுகை ஏறி முடித்தவருக்குக் கிடைப்பது. முதல் படியில் நிற்கும் பிள்ளைக்கும், அந்தப் பிள்ளைக்குத் துப்பாக்கியை இரவல் தரும் உள்ளூர் கிளப்புக்கும் அதனால் ஒரு பயனும் இல்லை. இந்தியத் துப்பாக்கிச் சுடுதலின் சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. நாம் வீரர்களைப் போற்றுகிறோம். அவர்களை உருவாக்கும் கிளப்களைக் கைவிட்டுவிட்டோம்.

செலவு எங்கே ஏறுகிறது?

பத்து மீட்டர் ஏர் ரைபிள்தான் இருப்பதிலேயே எளிய பிரிவு. உரிமம் தேவையில்லை, சத்தம் இல்லை, ஒரு திருமண மண்டபத்தின் பாதி இடம் போதும். அதற்கே ஒரு ஜெர்மன் ரைபிளின் விலை இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது. பெல்லட் டப்பாவில் 500 குண்டுகள் இருக்கும். நாளைக்கு நூறு சுட்டால் ஐந்தே நாளில் டப்பா காலி. ரைபிளோடு வரும் காற்று சிலிண்டருக்குப் பத்து ஆண்டுதான் ஆயுள். அதன்பின் துப்பாக்கி எவ்வளவு நன்றாக இருந்தாலும் போட்டியில் அந்த சிலிண்டருக்கு அனுமதி கிடையாது. மேல் கோட்டு, கால்சட்டை, காலணி எல்லாம் விறைப்பான தனித் துணியில் தைத்தவை. வளரும் பிள்ளைக்கு இரண்டு ஆண்டில் சின்னதாகிவிடும். இவற்றில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலிருந்து வருகின்றன. ஒரு யூரோ நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட காலம் இது.

.22 ரைபிள் என்றால் செலவு இன்னொரு மடங்கு. 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டிக்கு மட்டும் 60 தோட்டா, அதற்கு முன் குறி சரிபார்க்கும் தோட்டாக்கள் தனி. போட்டித் தரத் தோட்டா வெளிநாட்டிலிருந்து வந்தாக வேண்டும். தேசிய ரைபிள் சங்கம் வழியாகப் பங்கிட்டு வரும்வரை கிளப் காத்திருக்கிறது. ட்ராப் பிரிவில் தகுதிச் சுற்றுக்கே 125 களிமண் தட்டு, ஒவ்வொன்றையும் நோக்கி வெடிக்கும் கார்ட்ரிட்ஜ். அதனால்தான் அந்தப் பிரிவு நெடுங்காலம் அரண்மனைகளின் ஆட்டமாக இருந்தது. ஐந்து ஒலிம்பிக்கில் பங்கேற்ற கர்ணி சிங் பிகானேர் மன்னர். பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் சுட்ட பிரித்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை அரச குடும்பத்தவர். அவர்களின் திறமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்களுக்கு இருந்த வசதி இல்லாதவர்கள் எங்கே போவது என்பதே கேள்வி.

மாவட்டத் தலைநகர் ஒன்றில் நான் பார்த்த கிளப்பில் மின்னணு இலக்குகள் இல்லை. கையால் சுழற்றும் கப்பியில் அட்டை போய் வருகிறது. போட்டியில் ஓர் அட்டைக்கு ஒரு குண்டு; அங்கே அட்டை கிழியும்வரை ஐந்தாறு குண்டுகள். ஒரே மேல் கோட்டை இரண்டு பையன்கள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள். பத்து மீட்டர் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம். தோளளவு பொருந்தாத கோட்டோடு அந்தப் புள்ளியைத் தேடுகிறான் ஒரு பதின்மூன்று வயதுப் பையன்.

ஆள் ஏன் குறைகிறது?

ஒலிம்பிக் பதக்கம் வந்த வாரத்தில் கிளப் வாசலில் பெற்றோர் கூட்டம் நிற்கும். கோடைமுகாம் நிரம்பி வழியும். ஜூனில் பள்ளி திறந்ததும் பாதிப் பேர் காணாமல் போவார்கள். பத்தாம் வகுப்பு வந்தால் மீதிப் பாதியும் போய்விடும். திருச்சி மாநிலப் போட்டிக்கு 2022இல் நடிகர் அஜித் வந்தபோது திரண்ட கூட்டத்தைக் கண்டு இந்த விளையாட்டு மக்களிடம் போய்விட்டது என்று எழுதியவர்கள் உண்டு. கூட்டம் வந்தது நடிகரைப் பார்க்க.

ஓய்வுபெற்ற அதிகாரிகள், மருத்துவர்கள், தோட்ட முதலாளிகள் என்று கிளப்பின் சந்தாவைத் தாங்கியிருந்த மூத்த தலைமுறை இன்று எண்பதை நெருங்குகிறது. காசுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் பெருநகரத் தனியார் அகாதமிகளுக்குப் போய்விடுகிறார்கள். மிச்சமிருக்கும் கிளப்கள் தங்களால் முடிந்ததைச் செய்கின்றன. ரைபிளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகின்றன. ஐடி நிறுவன ஊழியர்களை விடுமுறை நாளில் அழைத்து வந்து சுடவைத்துக் கட்டணம் வாங்குகின்றன. பயிற்சியாளரை வாரத்தில் இரண்டு நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்கின்றன. கிளப் மூடாமல் இருக்க இது உதவும். ஒரு வீரரை உருவாக்க உதவாது. அதற்கு ஆறு ஏழு ஆண்டு இடைவிடாத பயிற்சி வேண்டும்.

ஹனூரில் துப்பாக்கி என்றால்...

கிளப்பே எட்டாத ஊர்களின் நிலை இதைவிட மோசம். மைசூரு மாவட்டத்தோடு இருந்து 1997இல் சாமராஜநகர் மாவட்டத்துக்குப் போன ஹனூரை எடுத்துக்கொள்வோம். 1956 வரை கோவை மாவட்டத்தில் இருந்த கொள்ளேகால் சீமை இது. மார்ட்டள்ளி, கோபிநத்தம் பக்கம் இன்றும் வீடுகளில் தமிழ்தான். மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பக்தர்கள் கடந்து செல்லும் ஊர். இங்கே துப்பாக்கி என்ற சொல்லுக்கு இரண்டே பொருள்: வீரப்பன் காலத்து நினைவு, காட்டுப்பன்றியையும் யானையையும் விரட்ட விவசாயி வைத்திருக்கும் உரிமத் துப்பாக்கி. தேர்தல் அறிவித்ததும் அதையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வரிசையில் நிற்க வேண்டும். விளையாட்டு என்ற மூன்றாவது பொருளை அந்த ஊருக்கு யாரும் அறிமுகப்படுத்தவில்லை. ஆசைப்படும் பிள்ளை நிலையான பயிற்சிக்கு மைசூரு, பெங்களூரு என்று பஸ் ஏற வேண்டியதுதான்.

‘அந்தக் காட்டோரத்தில் போய்த் துப்பாக்கி கற்றுக்கொடுப்பதா?’ என்று பதறுபவர்களுக்கு ஒரே பதில் போதும். 1992 மே மாதம் வீரப்பன் கூட்டம் ஹனூர் பக்கத்து ராமாபுரம் காவல் நிலையத்தைத் தாக்கி ஆயுதங்களை அள்ளிக்கொண்டு போனது. எந்த ரைபிள் கிளப்பின் பூட்டையும் உடைக்கவில்லை. கிளப்பில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு உண்டு, ஒவ்வொரு ரைபிளுக்கும் பதிவேடு உண்டு. காட்டுக்குள் திரியும் நாட்டுத் துப்பாக்கிக்கு எதுவும் இல்லை. இந்த வேறுபாடு தெரியாதவர்களே கொள்கை வகுக்கிறார்கள்.

ஹனூரிலிருந்து மேற்கே மைசூரைத் தாண்டினால் குடகு. அங்கே கொடவர்களுக்கு 1861இலிருந்து துப்பாக்கி உரிம விலக்கு உண்டு; மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்திருக்கிறது, கர்நாடக உயர் நீதிமன்றமும் 2021இல் அதை ஏற்றது. செப்டம்பர் தொடக்கத்தில் கைல்போத் பண்டிகையன்று வீட்டுத் துப்பாக்கிகளைத் துடைத்து வைத்து, குழலில் செங்காந்தள் பூவைச் செருகி வழிபடுகிறார்கள். பிறகு ஊர்த் திடலில் தேங்காய் சுடும் போட்டி. தொங்கும் தேங்காயைக் குறிவைத்துப் பெண்களும் முதியவர்களும் வரிசையில் நின்று சுடுகிறார்கள். ஊர்ச் சங்கமே நடத்துகிறது, ஊரே பரிசு தருகிறது. ஆள் குறைகிறது என்ற கவலை அந்தத் திடலில் இல்லை. குறிபார்ப்பது ஊர் வாழ்க்கையின் பகுதியாக இருந்தால் கிளப்புக்கு விளம்பரம் தேவைப்படாது.

சுவிட்சர்லாந்தின் கணக்கு

சுவிட்சர்லாந்தைப் பற்றி இந்தத் துறையில் எழுதும் எவரும் பேசியே ஆக வேண்டும். அங்கே ஆண்டுதோறும் ‘ஃபெல்ட்ஷீஸன்’ என்ற களச் சுடுதல் விழா நடக்கிறது. ஒரு வார இறுதியை மையமாக வைத்து நாடெங்கும் உள்ள ரேஞ்சுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சுடுகிறார்கள். 300 மீட்டர் ரைபிள் பிரிவில் ஆளுக்குப் 18 தோட்டா. தோட்டாச் செலவு அரசுடையது. அந்நாட்டின் மக்கள்தொகை சுமார் 90 லட்சம்; கிளப்கள் இரண்டாயிரத்துக்கு மேல்.

இதைச் சாமராஜநகருக்குப் பொருத்திப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பின்படி அந்த மாவட்டத்தின் மக்கள்தொகை பத்து லட்சத்துச் சொச்சம். சுவிஸ் விகிதத்தில் அங்கே இருநூறுக்கும் மேற்பட்ட கிளப்கள் இருக்க வேண்டும். ஒரே வார இறுதியில் பதினோராயிரம் பேர் சுட வேண்டும். ஹனூர் தாலுகாவுக்கு மட்டும் அதில் ஓராயிரத்துக்கு மேல் பங்கு வரும். இருநூறு வேண்டாம், இரண்டு இருந்தால் போதும் என்று கேட்கும் நிலையில் நாம் இருக்கிறோம்.

அங்கேயும் கிளப்களுக்கு நெருக்கடி உண்டு. இளைஞர் வரவு குறைகிறது. பல பத்தாண்டுகளாக ரேஞ்சு மண்ணில் சேர்ந்த ஈயத்தை அகற்றும் செலவு கழுத்தைப் பிடிக்கிறது. அவர்கள் என்ன செய்கிறார்கள்? பக்கத்து ஊர்க் கிளப்கள் ஒன்றாக இணைகின்றன, இரண்டு மூன்று ஊர்கள் ஒரே ரேஞ்சைப் பகிர்ந்துகொள்கின்றன, மண்ணைச் சுத்தம் செய்ய மத்திய அரசு பங்கு தருகிறது. சுடும் இடத்துக்கு வழிசெய்வது உள்ளாட்சியின் சட்டக் கடமை. ராணுவக் கடமையில் உள்ளவர்கள் தங்கள் கட்டாயச் சுடுதலை உள்ளூர் கிளப் ரேஞ்சிலேயே முடிக்க வேண்டும். ஆகவே, கிளப் தள்ளாடினால் அரசு தாங்கிப் பிடிக்கிறது. இங்கே தள்ளாடும் கிளப்பின் தலையில் 40 சதவீத வரியை வைக்கிறோம்.

நம்மிடம் என்ன இல்லை? தேசிய மாணவர் படை .22 ரைபிள் பயிற்சி தருகிறது. முகாம் முடிந்ததும் அந்த மாணவர் அடுத்து எங்கே போவது என்று சொல்ல ஆளில்லை. பல மாவட்டங்களில் காவல் துறையின் ஆயுதப்படைக்குச் சுடும் தளம் இருக்கிறது. ஞாயிறு காலையில் அதைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட ஒரு காவல் கண்காணிப்பாளரின் உத்தரவு போதும். ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, அங்கீகரிக்கப்பட்ட ரைபிள் கிளப் உறுப்பினருக்குக் குறிபார்ப்புப் பயிற்சிக்கான .22 ரைபிள் உரிமம் தர வழிசெய்திருக்கிறது. 1959இல் சட்டம் எழுதியவர்களுக்கு இருந்த தெளிவு, இன்று அந்தக் கோப்பை மாதக்கணக்கில் மேசையில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு இல்லை.

‘குடிநீருக்கே பணமில்லாத ஊரில் துப்பாக்கிக்கா செலவு?’ என்பது சோம்பலான வாதம். நகரத்துக்கு விளையாட்டரங்கம் கட்டும்போது இந்தக் கேள்வி எழுவதில்லை. கிராமத்துப் பிள்ளைக்கு ஒரு கூடம் கேட்டதும்தான் குடிநீர் நினைவுக்கு வருகிறது.

பாரிஸில் 50 மீட்டர் ரைபிளில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே கோலாப்பூர் மாவட்டத்துக் கம்பள்வாடி கிராமத்து ஆசிரியரின் மகன். மகாராஷ்டிர அரசின் ‘கிரீடா பிரபோதினி’ திட்டம் 2009இல் அவரைச் சேர்த்துக்கொண்டது. பதக்கம் 2024இல் வந்தது. பதினைந்து ஆண்டு ஓர் அரசு பொறுமையாகக் காத்திருந்ததன் பலன் அது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2025இல் ஆசிய சாம்பியன் ஆனார். அவர் வளர்ந்ததும் துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் அகமதாபாத்தில். சென்னையில் பிறந்த ககன் நாரங் சுடக் கற்றது ஹைதராபாத்தில். பிறக்கும் ஊரில் திறமைக்குக் குறைவில்லை, கற்கும் இடத்துக்குத்தான் குறை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஆகவே, நான்கு கோரிக்கைகள். விளையாட்டுப் பிஸ்டலையும் ரைபிளையும் தோட்டாவையும் கிரிக்கெட் மட்டையோடு 5 சதவீத வரியில் சேர்க்க வேண்டும். கிளப்பின் பெயரில் வாங்கினால் முழு விலக்கு தர வேண்டும். ஆயுதப்படைத் தளங்களை வாரம் ஒருநாள் அங்கீகரிக்கப்பட்ட கிளப்களுக்குத் திறக்க வேண்டும். தாலுகாவுக்கு ஓர் அரசுப் பள்ளியில் பத்து மீட்டர் ஏர் ரைபிள் கூடம் கட்ட வேண்டும். கர்நாடகம் அதை ஹனூரிலும் தமிழ்நாடு அதை எல்லைக்கு இப்புறம் தாளவாடியிலும் தொடங்கலாம்.

2036 ஒலிம்பிக்கை நடத்த ஆசைப்படும் நாடு இது. இன்று பத்து வயதில் இருக்கும் பிள்ளைக்கு அப்போது இருபது வயது ஆகியிருக்கும். இந்த நான்கையும் இந்த ஆண்டே செய்தால், துப்பாக்கிச் சுடுதல் பதக்கப் பட்டியலில் சீனாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான். செய்யாவிட்டால், மூடப்படும் ஒவ்வொரு கிளப்போடும் ஒரு பதக்கத்தை நாமே கைகழுவுகிறோம்; அதற்கான பொறுப்பு வரி விதித்தவர்களையும் கோப்பை மூடி வைத்தவர்களையும் சேரும்.