எங்கள் கைகளில் என்ன இருந்தது?

சென்ற கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் நாங்கள் பன்னிரண்டு பேர் ஒரு மருத்துவமனைக்குப் போய்ப் பாடினோம். கட்டில் கட்டிலாகச் சென்று ஆரஞ்சுப் பழம் கொடுத்து, எல்லோருடைய கையையும் பிடித்து வாழ்த்தினோம். எங்களில் ஒருவர்கூடக் கை கழுவவில்லை. கழுவச் சொல்வாரும் இல்லை. வார்டு வாசலில் குழாய் இருந்தது, சோப்பு இல்லை.

பெனிசிலினைப் பற்றிப் பாடத்தில் படித்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. பெனிசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிகளை ஒடுக்க 1959-இல் மெத்திசிலின் என்ற மருந்து வந்தது. அதற்கும் அடங்காத கிருமி இங்கிலாந்தில் தோன்றிவிட்டதென்று 1961-லேயே அறிவித்துவிட்டார்கள்! இக்கிருமி நல்ல உடல்நலம் உள்ளவரின் மூக்கிலும் சத்தமின்றிக் குடியிருக்கும். ஒரு நோயாளியைத் தொட்ட கை அடுத்தவரைத் தொடும்போது அதுவும் கூடவே போகும். அறுவை சிகிச்சைப் புண்ணுக்குள் புகுந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

ஆனால் மருந்துக்கு அடங்காத இதே கிருமியைச் சோப்பும் தண்ணீரும் கையிலிருந்து அகற்றிவிடும். ஆகவே புது மருந்து வரட்டும் என்று காத்திராமல், ஒவ்வொரு கட்டிலுக்கும் இடையில் கை கழுவ வேண்டும் என்பதே எங்கள் கருத்து, டாக்டரானாலும் சரி. "கை கழுவினீர்களா, டாக்டர்?" என்று நோயாளி கேட்பது மரியாதைக் குறைவு என்கிறார்கள் பெரியவர்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்கும் தைரியம் எங்களுக்கே வருமா என்பது வேறு விஷயம்!

இந்த ஆண்டும் பாடப் போகிறோம். ஆரஞ்சுக் கூடையோடு சோப்பும் வரும் என்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டோம். கைத்துண்டு மட்டும் ஆளுக்கொன்று. ஒரே துண்டில் பன்னிரண்டு பேரும் துடைத்தால் கழுவியும் பயனில்லை.