வேடத்துக்கு யார் உரிமையாளர்?

சித்திரக்கதை, அசைவூட்டப்படம், காணொலி விளையாட்டு ஆகியவற்றின் கதாபாத்திரங்களைப்போல உடையணியும் பொழுதுபோக்கே 'காஸ்பிளே'. 1939-இல் நியூயார்க்கில் நடைபெற்ற உலக அறிவியல் புனைகதை மாநாட்டிலேயே ரசிகர்கள் இருவர் எதிர்கால மனிதர் வேடத்தில் வந்தனர். எனினும், இப்பெயரைப் பரப்பியது 1983-இல் வெளியான ஜப்பானிய இதழ்க் கட்டுரை. 2003 முதல் நகோயா நகரில் உலக காஸ்பிளே மாநாடு நடத்தப்படுகிறது.

'வளர்ந்தவர்களுக்கு வேடம் எதற்கு?' என நகைப்போர் ஒன்றை மறக்கின்றனர். ரசிகர் தம் பணத்தில் துணி வாங்கி, வாரக்கணக்கில் தைத்து அணியும் உடை, படைப்பாளருக்குச் செலவில்லாத விளம்பரம். உரிமையாளர்கள் பெரும்பாலும் இதைத் தடுக்காததன் காரணமும் அதுவே.

சிலர் புகைப்படத் தொகுப்புகளை விற்றும், நிகழ்ச்சிகளுக்கு ஊதியம் பெற்றும் இதைத் தொழிலாக்கியபோதுதான், பாத்திரத்தைப் படைத்தவருக்குப் பங்கில்லையா என்ற கேள்வி எழுந்தது. 2021-இல் ஜப்பான் அரசு இதற்கான பதிப்புரிமை விதிகளை ஆராய்ந்தபோது, பொழுதுபோக்காக வேடமணிவோரும் கவலையுற்றனர்.

அக்கவலை நியாயமானது. ஒருநாள் உடைக்கும் அனுமதி தேடி அலைய வேண்டுமெனில், அந்த அலைச்சலின் செலவே உடையின் விலையை விஞ்சிவிடும். ரசிகர் விலகுவார்; படைப்பாளருக்கும் வருவாய் கிட்டாது. ஆகவே, வேடத்தால் பிழைப்போர் எளிய கட்டணத்தில் உரிமம் பெறட்டும். செலவை மட்டும் ஈடுகட்டும் சிறு விற்பனையையும், வெறும் ஆர்வத்தையும் சட்டம் தீண்டாதிருக்கட்டும். படைப்பாளரின் உரிமை காக்கப்பட வேண்டியதே. அதன் பெயரால் அவரது சந்தையை வளர்க்கும் ரசிகரை விரட்டுவது அறிவுடைமையாகாது.