சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

"வீட்டுக்கு ஒரு போட்டோ பிரிண்டர் வாங்கலாம்னு இருக்கேன், எது நல்லாருக்கும்?"

மாசத்துக்கு ஒருத்தராவது இதைக் கேட்டுடறாங்க. திருத்தணி மாதிரி ஊர்ல கம்ப்யூட்டரைப் பத்தி நாலு வார்த்தை பேசத் தெரிஞ்சவனுக்கு இந்த உத்தியோகமும் சேர்த்துத்தான் :-) கேக்கறவங்க எல்லாம் கம்பெனி பேரையும் மாடல் நம்பரையும் எதிர்பார்க்கறாங்க. நான் திருப்பிக் கேக்கறது ஒண்ணே ஒண்ணு: "வருஷத்துக்கு எத்தனை போட்டோ போடுவீங்க?"

பாதி பேர் முழிப்பாங்க. மீதி பேர் "நிறைய" என்பார்கள். "நிறைய"ன்னா எத்தனைன்னு கேட்டா அவங்களும் முழிப்பாங்க.

என் கட்சி இதுதான். பிரிண்டர் என்ன விலைங்கறது இரண்டாவது கேள்வி. ஒரு போட்டோ என்ன விலைங்கறதுதான் முதல் கேள்வி. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தா, நம்ம மாதிரி வீடுகள்ல முக்கால்வாசிக்கு போட்டோ பிரிண்டரே தேவையில்லை. ஆனா போட்டோ பிரிண்ட் கண்டிப்பா தேவை. இது ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக்கறதுலதான் கோளாறே.

முதல்ல இந்த வியாபாரம் எப்படி நடக்குதுன்னு பார்ப்போம். மலிவு விலை இங்க்ஜெட் பிரிண்டர் ஒரு தூண்டில். மெஷினை அடக்க விலைக்கோ அதுக்கும் கீழேயோ தள்ளிவிட்டு, லாபத்தை கார்ட்ரிட்ஜில் எடுப்பது பல வருஷமா நடக்கற வழக்கம். சின்ன கார்ட்ரிட்ஜை உடைச்சுப் பார்த்தா உள்ளே இருப்பது சில மில்லி இங்க்தான். மருந்து ஊத்துற டீஸ்பூன் 5 மில்லி. கிட்டத்தட்ட அந்த அளவுக்குத்தான் நூற்றுக்கணக்கில் அழுகிறோம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?

அட்டைப்பெட்டியில் "150 பக்கம் வரும்" என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது பொய் இல்லை, ஆனா வேற கணக்கு. ஐஎஸ்ஓ 24711 என்ற தரப்படி, அதுக்குன்னு வெச்சிருக்கற மாதிரிப் பக்கங்களை அடிச்சுப் பார்த்து எண்ணின எண்ணிக்கை அது. அந்தப் பக்கங்களில் எழுத்து கொஞ்சம், படம் கொஞ்சம், மீதி வெள்ளை. போட்டோவில் வெள்ளை எங்கே இருக்கு? இந்த மூலையில இருந்து அந்த மூலை வரைக்கும் இங்க்தான். 150 பக்கக் கார்ட்ரிட்ஜ் 150 போட்டோ தரும்னு கணக்குப் போட்டா கவுந்துடுவோம்.

அதிலும் நம்ம ஊர் போட்டோன்னா கேக்கவே வேண்டாம். குழந்தைக்கு மொட்டை போட்டு, தலை நிறைய சந்தனம் பூசி, மஞ்சள் துணி கட்டி, மாலை போட்டு எடுத்த படம். ஆடிக் கிருத்திகைக்கு எடுத்தா சுத்தி நிக்கற காவடி எல்லாமே மஞ்சப் பூ. தோல் நிறத்துக்கும் மஞ்சளும் மெஜந்தாவும்தான் அதிகம் வேணும். ஆக மஞ்சள் முதல்ல காலி. மூணு கலரும் ஒரே டப்பாவில் இருக்கும் கார்ட்ரிட்ஜில் மஞ்சள் தீர்ந்தா, மிச்சமிருக்கும் நீலமும் குப்பைக்குத்தான்.

இப்போ கணக்கு. எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். கடையில விசாரிச்சு உங்க எண்ணைப் போட்டுக்கோங்க.

கார்ட்ரிட்ஜ் செட் 1,000 ரூபாய், அதில் 4×6 அளவில் முழுப்படம் 40 வருதுன்னு வைப்போம். ஒரு படத்துக்கு இங்க் 25 ரூபாய், பேப்பர் 5 ரூபாய், ஆக 30. ஸ்டூடியோவில் அதே படம் 15 ரூபாய்னு வைப்போம். போடற ஒவ்வொரு படத்துக்கும் 15 ரூபாய் நஷ்டம். எத்தனை போட்டாலும் பிரிண்டர் காசு திரும்பாது, மேல மேல போகும்.

அடுத்து டேங்க் பிரிண்டர். இது வந்த கதையே சுவாரசியம். இந்தோனேசியாவில் ஜனங்க கார்ட்ரிட்ஜ் விலை தாங்காம, பிரிண்டருக்கு வெளியே பாட்டில் வெச்சு ட்யூப் இழுத்து அவங்களே இங்க் ஊத்திக்க ஆரம்பிச்சாங்க. நம்ம ரிச்சி தெருவிலும் அந்த ட்யூப் செட் விற்ற காலம் உண்டு. எப்சன் பார்த்தது, 2010-ல் அந்த இந்தோனேசியாவிலேயே டேங்க் வைத்த எல் வரிசையை இறக்கிவிட்டது. பிறகு இந்தியாவுக்கும் வந்தது. 2015, 2016-ல் கேனனும் எச்பியும் டேங்குக்கு வந்து சேர்ந்தாங்க. வாங்கறவன் சேர்ந்து முரண்டு பிடிச்சா கம்பெனி வழிக்கு வரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியலை.

ஆறு கலர் போட்டோ டேங்க் மாடலான எல்800-க்கு எப்சன் சொன்ன கணக்கு, ஒரு செட் பாட்டிலுக்கு 4×6 படம் 1,800. கம்பெனி சொன்னதில் கொஞ்சம் கழிச்சாலும் ஒரு படத்துக்கு இங்க் ரெண்டு ரூபாய் பக்கம்னு வைப்போம். பேப்பர் 5. ஆக 7 ரூபாய். ஸ்டூடியோவோட ஒப்பிட்டா படத்துக்கு 8 ரூபாய் மிச்சம். அடிச்சுது லாட்டரி! அப்படித்தானே?

பொறுங்க. பிரிண்டர் விலை 20,000 என்று வைத்தால், அந்தக் காசு திரும்ப 2,500 படம் போடணும். வருஷத்துக்கு 200 படம் போடற வீட்டுக்கு அது பன்னிரண்டரை வருஷம். வாங்கும்போது குழந்தைக்கு மொட்டை அடிச்சிருந்தா, முதல் திரும்ப வரும்போது அது பத்தாங்கிளாஸ் நெருங்கியிருக்கும் :-) அதுவரைக்கும் மெஷின் உயிரோடு இருக்கணும், அது வேற.

அது உயிரோடு இருக்குமாங்கற இடத்துலதான் நம்ம ஊர் வெயில் உள்ளே வருது. "இன்று சதமடித்த ஊர்கள்"னு செய்தியில் வாசிக்கும்போது வேலூரும் திருத்தணியும் இல்லாத கோடை உண்டா? இங்க்ஜெட் ஹெட்டில் இருக்கும் ஓட்டைகள் தலைமுடியைவிட மெல்லிசு. அக்னி நட்சத்திரத்தில் ரெண்டு வாரம் தொடாம வெச்சா இங்க் அதிலேயே காய்ஞ்சு அடைச்சுக்கும். அடைப்பை எடுக்க ஹெட் கிளீனிங் கொடுத்தா, பிரிண்டர் நல்ல இங்க்கை உறிஞ்சி உள்ளே இருக்கற பஞ்சில் துப்பும். அந்தப் பஞ்சு நிறைஞ்சா பிரிண்டர் படுத்துக்கும், சர்வீஸுக்குத் தூக்கிட்டு ஓடணும். குறைவா உபயோகிக்கறவனுக்குத்தான் ஒரு படத்தின் விலை எகிறுது. போட்டோவுக்குப் போனதைவிட கழுவறதுக்குப் போன இங்க் அதிகமா இருக்கும்.

"அப்படின்னா மலிவா வேற கம்பெனி இங்க் போட்டுக்கறேன்" என்பவர்களுக்கு ரெண்டு விஷயம். ஒண்ணு, அதையும் கம்பெனிகள் சும்மா விடறதில்லை. 2016 செப்டம்பர் 13-ம் தேதி எச்பி-யின் சில ஆபீஸ்ஜெட் மாடல்கள் திடீர்னு மாற்றுக் கம்பெனி கார்ட்ரிட்ஜ்களை ஏத்துக்க மறுத்தன. ஜனங்க சத்தம் போட்ட பிறகு அந்தத் தடையை நீக்கும் மென்பொருளைக் கொடுத்தாங்க. வாங்கறவங்களுக்கு இந்த மாதிரி கட்டுப்பாடுகளைச் சரியா சொல்லலைன்னு 2020-ல் இத்தாலி அரசின் போட்டி ஆணையம் எச்பி-க்கு ஒரு கோடி யூரோ அபராதம் போட்டது. ரெண்டாவது, பரீட்சை ஹால் டிக்கெட்டுக்கும் ஸ்கூல் புராஜெக்ட்டுக்கும் எந்த இங்க்கா இருந்தாலும் சரி. இருபது வருஷம் இருக்கணும்னு போடற போட்டோவுக்கு மட்டமான இங்க் வேண்டாம். டை வகை இங்க் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் வெளுக்கும். மட்டமான இங்க், மட்டமான பேப்பர், ஜன்னல் ஓரம் மூணும் சேர்ந்தா சில மாசத்திலேயே முகம் வெளிறிப் போயிடும்.

சரி, "இங்க் மலிவு, மெஷின்தான் விலை"ன்னு ஒருத்தர் நேர்மையா விற்றால் வாங்குவோமா? கோடாக் 2007-ல் அதைத்தான் செஞ்சு பார்த்தது. பிரிண்டர் விலை போட்டியாளர்களைவிட கொஞ்சம் ஜாஸ்தி, கருப்பு கார்ட்ரிட்ஜ் 9.99 டாலர், கலர் 14.99 டாலர். 2012 ஜனவரியில் கம்பெனி திவால் மனு கொடுத்தது, அதே வருஷம் செப்டம்பரில் வீட்டு இங்க்ஜெட் விற்பனையை நிறுத்தப் போறதா அறிவிச்சாங்க. கோடாக் விழுந்ததுக்கு ஃபிலிம் செத்தது உள்பட பெரிய காரணங்கள் உண்டு. ஆனாலும் கடையில நிக்கும்போது நம்ம கண்ணு பிரிண்டர் மேல ஒட்டின விலையில மட்டும் நிக்குதுங்கறதும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன். தப்பு கம்பெனி பக்கம் மட்டும் இல்லை.

அப்ப என்னதான் செய்யறது? என் தீர்ப்பு:

1. வருஷத்துக்கு 200, 300 படத்துக்குள்ளன்னா ஸ்டூடியோவுக்குப் போங்க. "லேப் பிரிண்டா, இங்க்ஜெட்டா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. லேப் பிரிண்ட் என்பது கலர் பேப்பரில் வெளிச்சம் பாய்ச்சி, கெமிக்கலில் கழுவி எடுப்பது. அதில் இங்க் என்கிற சமாச்சாரமே கிடையாது. நம்ம அம்மா அப்பா கல்யாண ஆல்பம் போட்ட அதே பரம்பரைதான். ஸ்டூடியோக்காரர் பிழைச்சிருந்தாதான் நாளைக்கு அவசரத்துக்கு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் கிடைக்கும்.

2. போட்டோவோட பிள்ளைகளின் புராஜெக்ட், கடைக் கணக்கு, விண்ணப்பம்னு வாரா வாரம் ஏதாவது அடிக்கிற வீடுன்னா டேங்க் பிரிண்டர். கார்ட்ரிட்ஜ் மாடல் யாராவது இலவசமா கொடுத்தாலும் யோசிங்க.

3. "வீட்டிலேயே உடனே வேணும், ஆனா எப்பவாவதுதான் போடுவேன்" என்பவர்களுக்கு டை-சப்ளிமேஷன். கேனன் செல்ஃபி மாதிரி. சுற்றுலா இடங்களில் எடுத்த கையோடு படம் கொடுக்கறவங்க கையில இருப்பதும் பெரும்பாலும் இந்த ஜாதி மெஷின்தான். திரவ இங்க் இல்லை, ரிப்பன். காய்ஞ்சு போக ஒண்ணுமில்லை, ஆறு மாசம் அலமாரியில் கிடந்தாலும் எடுத்தா ஓடும். செல்ஃபிக்கு 108 பேப்பரும் அதுக்கான ரிப்பனும் ஒரே பேக்கில் வரும். முருகனுக்கு 108 போற்றி சொல்றாப்போல 108-ஆல வகுத்தா ஒரு படத்தின் விலை பளிச்சுனு தெரிஞ்சுடும். மஞ்சள் சீக்கிரம் தீரும் வம்பும் இல்லை.

ஏற்கனவே இங்க்ஜெட் வாங்கிட்டவங்க இதையாவது செய்யுங்க. வாரம் ஒரு கலர் பக்கம் அடிங்க, கோடையில் கண்டிப்பா. பிரிண்டர் பட்டனில் ஆஃப் பண்ணுங்க, சுவத்து சுவிட்சில் இல்லை. அப்பத்தான் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்கும். நாசில் செக்கில் கோடு விட்டுப் போயிருந்தா மட்டும் கிளீனிங். ரெண்டு தடவைக்குச் சரியாகலைன்னா ராத்திரி முழுக்க விட்டுட்டுக் காலையில பாருங்க. டேங்கில் கீழ்க்கோட்டுக்குக் கீழ இங்க் போகவிடாதீங்க, ட்யூப்ல காத்து ஏறிடும். போட்டோ பேப்பர் வெச்சா, செட்டிங்கிலும் போட்டோ பேப்பர்னு மாத்துங்க. பாதி பேர் இதை மறந்துட்டு பிரிண்டரைத் திட்டறாங்க.

இவ்வளவு கணக்கும் எதுக்கு? இங்க் விலைக்குப் பயந்து நாம போட்டோ போடறதையே விட்டுட்டோம். அதுதான் எனக்கு உறுத்தல். எங்க பெரியம்மா போனப்போ படத்திறப்புக்கு ஒரு போட்டோ தேடினோம். வீட்டில் இருந்த நாலு போனிலும் சேர்த்து ஆயிரக்கணக்கில் படம். அவங்க இருக்கற படம் எல்லாத்திலும் ஓரமா, பாதி முகமா, யாரோ குழந்தையைத் தூக்கிட்டு. நேராப் பார்க்கற முகம்னு கடைசியில கிடைச்சது வாக்காளர் அட்டையில. அந்த ஸ்டாம்பு அளவுப் படத்தைப் பெருசாக்கி, சட்டம் போட்டு மாட்டியிருக்கு. அது பெரியம்மா மாதிரியே இல்லை. போட்டோ போடற பழக்கம் இருந்த காலத்தில், போடணும்கறதுக்காகவாவது எல்லாரையும் நேரா உட்கார வெச்சு எடுத்தோம். பிரிண்ட் போனதும் அந்த அக்கறையும் போச்சு.

அதனால பிரிண்டர் விசாரிக்கறவங்களுக்கு கடைசியா ஒண்ணு. வீட்டுப் பெரியவங்களை இந்த ஞாயித்துக்கிழமை வெளிச்சத்தில் உட்கார வெச்சு நேரா ஒரு படம் எடுங்க. போனில் இருப்பதில் இன்னும் ஒன்பது பொறுக்குங்க. பத்தையும் ஸ்டூடியோவில் கொடுத்துப் போடுங்க. அடுத்த மாசமும் பத்து போடத் தோணுதா, அதுக்கடுத்த மாசமும் தோணுதா, அப்ப வாங்க. பிரிண்டரைப் பத்திப் பேசுவோம்.

பி.கு.: டை-சப்ளிமேஷன் ரிப்பனைத் தூக்கிப் போடும்போது வெட்டிப் போடுங்க. நீங்க போட்ட ஒவ்வொரு படமும் அதில் நெகட்டிவ் மாதிரி அப்படியே பதிஞ்சிருக்கும்.